ஒரு சாண் தள்ளி

காலை ஐந்து மணி பத்து நிமிடம். டிசம்பர் மாதம். ஓடையை ஒட்டி மரக்கிடங்குக்குப் போகிற சாலை. இரண்டு மைலுக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது...

அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஒருவர் காரின் முன்விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் போகிறார் என்றால், யாரையோ கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

அடுப்பில் இன்னொரு கட்டை போடு, க்ளேட். கதவைச் சாத்து. விடிந்து வேட்டைக்குப் போனால் மான் வருமோ வராதோ, இதைக் கேட்டுவிட்டு உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று பார்ப்போம்.

இது என் கூட்டாளி ஆர்லோவின் சித்தப்பாவுக்கு நடந்தது. எல்வுட் என்று பெயர். வட பென்சில்வேனியாவில், நம் மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு. ஐம்பத்தெட்டாம் வருடம். ஆர்லோ மீன் பிடித்த கதையைக்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டான், அதனால் நான் நம்பினேன். நீங்கள் நம்புவது உங்கள் இஷ்டம்.

எல்வுட் மரக்கிடங்கில் அறுப்புக்காரர். அந்தக் கோடையில் முதலாளி ஏலத்தில் ஒரு ரேடியல் ஆர்ம் ரம்பம் எடுத்து வந்தார். பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு தூண். தூணிலிருந்து மேசைக்கு மேலே நீளும் இரும்புக் கை. அதில் தொங்கும் வட்ட ரம்பம். பலகையை இடது கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் ரம்பத்தை நம் பக்கம் இழுத்து அறுக்க வேண்டும். அது சுற்றுகிற வேகத்தில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், பலகை மேல் தானே ஏறி வந்துவிடும்.

அதனால் இரண்டு விஷயம். இடது கை, அறுக்கிற பல்லிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும். அந்த இரும்புக் கை, முன்னால் மயிரிழை உயர்ந்து பின்னால் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பிடியை விட்டதும் ரம்பம் பின்னே போய் நிற்கும்.

எல்வுட் இதில் சுத்தமான ஆள். தினமும் காலையில் மின்சார ப்ளக்கைப் பிடுங்கிப் போடுவார். கோணம் பார்க்க மூலைமட்டம் வைப்பார், சாய்வு பார்க்க ரசமட்டம் வைப்பார், போல்ட்டை இறுக்குவார். ரம்பத்தை முன்னே இழுத்து விடுவார். சர்ர்ர்... டக். பின்னே போய் நிற்கும். அதற்குப் பிறகுதான் காபி.

நவம்பரில் ஒரு காலை. இழுத்து விட்டார். ரம்பம் பின்னே போகவில்லை. ஒரு நொடி அங்கேயே நின்றது... பிறகு சர்ர்ர் என்று அவர் வயிற்றை நோக்கி வந்தது.

ரசமட்டத்தை வைத்தார். இரும்புக் கை முன்பக்கம் தாழ்ந்திருந்தது. போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் நல்ல இறுக்கம். தானாகத் தளர்ந்தது இல்லை. யாரோ கழற்றி, தாழ்த்தி, மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். வேலை தெரிந்தவன்.

சரி செய்தார். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

ரம்பம் இருந்த கொட்டகைக்கு இரண்டே சாவி. ஒன்று எல்வுட்டிடம். இன்னொன்று வெர்னிடம்.

வெர்ன் வேறு யாருமில்லை, எல்வுட்டின் மனைவி லூயெல்லாவின் சொந்தத் தம்பி. அதே கிடங்கில்தான் வேலை. நீளப் பலகை வந்தால் மறுமுனையைத் தாங்குகிறவன். ரம்பம் வந்த நாளிலிருந்து அதன் மேல் அவனுக்கு ஒரு கண். "ஒரு நாள் எங்கிட்ட குடுங்க மாமா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தவன், நவம்பர் பிறந்ததும் கேட்பதை நிறுத்தினான். பேசுவதையே நிறுத்தினான். பலகை அடுக்குகிற வேலைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். ஆனால் மத்தியானம் ஆனால் போதும், கொட்டகை வாசலில் வந்து நிற்பான். வாயைத் திறக்க மாட்டான். எல்வுட்டின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

இதற்கு என்ன அர்த்தம் சொல்வீர்கள்? எல்வுட்டும் அதையேதான் நினைத்தார்.

நன்றி கூறும் நாள் விருந்து. வான்கோழியை அறுத்துப் பரிமாறியாகிவிட்டது. வெர்ன் முள்கரண்டியைத் தொடவில்லை. கண் முழுக்க எல்வுட்டின் இடது கை மேல்.

"என்னடா, மாமா கையவே முறைச்சுக்கிட்டு?" என்றாள் லூயெல்லா.

"எத்தனை வெரல் இருக்குன்னு எண்ணிப் பாக்கறான், லூ" என்றார் எல்வுட், சிரித்துக்கொண்டே.

வெர்னின் முகம் வெளுத்தது. தட்டை அப்படியே விட்டு எழுந்து போய்விட்டான். வெளியே அவன் டிரக் உறுமிக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"உன் தம்பி என் கைய வாங்கப் பாக்கறான்" என்றார் எல்வுட்.

"அவனா? அவன் ஒரு கோழியக்கூட அறுத்ததில்ல."

"கோழிக்கு ரம்பம் எதுக்கு, லூ?"

அவள் அழுதாள். கட்டிய மனைவியின் தம்பி. தொட்டிலில் கிடந்தபோதே தூக்கி வைத்துக் கொஞ்சிய பையன். ஆனால் கை போனால் அறுப்புக்காரன் என்ன ஆவான்? சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் எல்வுட் ஒரு தப்புச் செய்தார். அறுக்கிறவன் கண் அறுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அவர் கண் வாசலில் இருந்தது. ஓக் மரம் கருகுகிற வாசனை வரும், வலது கை அது பாட்டுக்கு இழுக்கும், தள்ளும். அவர் மட்டும் வெர்ன் வந்துவிட்டானா, நிற்கிறானா, எங்கே பார்க்கிறான் என்று பார்த்துக்கொண்டே அறுத்தார்.

டிசம்பர் இரண்டாம் வாரம், பொறுத்தது போதும் என்று முடிவு செய்தார். விடிவதற்குள் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது. ஏழு மணிக்கு முதலாளி வந்ததும் ஒப்படைப்பது. வெர்னுக்கு வேலை போகும், குடும்பம் இரண்டாகும். ஆகட்டும்.

அப்படித்தான் அந்த ஐந்து பத்துக்கு, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்...

கிடங்கு வாசலில் வெர்னின் டிரக் நின்றது. அதிலும் விளக்கில்லை.

எல்வுட்டுக்கு ரத்தம் கொதித்தது. வலது கையில் சக்கரம் கழற்றுகிற ஸ்பானர். ஓடிப் போய் டிரக்கின் கதவைப் படாரென்று திறந்தார்.

"மாட்டுனியாடா!"

வெர்ன் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். ஈரக் கம்பளியும் பழைய காபியும் கலந்த வாடை. அவன் திரும்பக்கூட இல்லை. உதட்டில் விரல் வைத்தான்.

"உஷ்... ஏறுங்க மாமா. கதவ மெல்ல சாத்துங்க."

"சாவிய எடுடா வெளிய."

"சாவிய மொதலாளிகிட்ட குடுத்துப் பத்து நாளாச்சு. கேட்டுப் பாருங்க. நானும் யாருன்னு பாக்கத்தான் வந்தேன். இப்ப ஏறுங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ... எல்வுட் ஏறினார்.

நடுராத்திரியோடு பனி கொட்டுவது நின்றிருந்தது. டிரக்கிலிருந்து கொட்டகை வரை வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒரு காலடி இல்லை. கொட்டகைக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேலே விரல் தடிமனுக்குப் பனி, கலையாமல்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

கிர்ர்... நிறுத்தம். கிர்ர்... நிறுத்தம்.

எல்வுட்டுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஸ்பானர் போல்ட்டைத் திருப்புகிற சத்தம். அவசரமே இல்லை. ஒவ்வொரு போல்ட்டாக... அவரே செய்கிற அதே வரிசையில்.

பிறகு சர்ர்ர்... டக். பின்னே போய் நிற்கிற டக் இல்லை அது. முன்னால் வந்து முட்டுகிற டக்.

எல்வுட்டின் ஸ்பானர் நழுவிக் காலடியில் விழுந்தது. பயம் ஒரு பக்கம். அதைவிட வெட்கம்.

"மாப்ள... உன்னத் தப்பா நெனச்சுட்டேன்டா. இன்னிக்கு உன்ன வெளிய தள்ளியிருப்பேன்."

"நானும் உங்க மேல கோவத்துலதான் இருந்தேன்" என்றான் வெர்ன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, எனக்குப் பதிலா வேற ஆள வெச்சுக்கிட்டீங்களேன்னு."

"எந்த ஆளு?"

வெர்ன் கொட்டகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு இடது பக்கம் ஒட்டி நிப்பாரே... சாம்பல் கலர் கோட்டு. தெனமும் நிக்கறாரு. பலகை புடிக்க வந்தவர்னுதான் நெனச்சேன். ஒரு நாள் கிட்ட வந்து பாத்தேன்... அவரு பலகையப் புடிக்கல, மாமா. உங்க மணிக்கட்டப் புடிச்சிருக்காரு."

எல்வுட் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நகத்திக்கிட்டே இருக்காரு. கொஞ்சங் கொஞ்சமா, பல்லு பக்கமா. போன மாசம் ஒரு சாண் இருந்துச்சு. நேத்து மத்தியானம் மூணு வெரல் அகலந்தான்."

"பாவி... ஏன்டா சொல்லல?"

"சொல்ல வாயெடுக்கறப்பல்லாம் அவரு என்னை நிமிந்து பாத்தாரு."

கொட்டகைக்குள் சத்தம் நின்றுவிட்டது. அவர்கள் காத்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை, பனி கலையவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை.

"வண்டிய எடுடா. போயிரலாம்" என்றார் எல்வுட்.

வெர்ன் சாவியைத் திருப்பினான். எல்வுட் முன்னால் இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொள்ள, மடியில் கிடந்த இடது கையைத் தூக்கப் பார்த்தார்.

அது வரவில்லை.