பீரோவில் இருந்த ஒன்பது பேரின் சான்றிதழ்கள்

என் பெயர் இந்திராணி, வயது 44, கணவர் பெயர் செங்கல்வராயன், சொந்த ஊர் நகரி, தற்போது திருப்பதி கொர்லகுண்டாவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். படுக்கையிலேயே இருக்கும் முதியோரைப் பராமரிக்கும் தனியார் இல்லம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக நர்சிங் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். எனக்குக் கீழே ஒன்பது நர்சுகள் இருக்கிறார்கள். வேலைக்குச் சேருகிறவர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துக்கொள்வது உரிமையாளர் பூவராகவன் செய்த ஏற்பாடு. பீரோ சாவியும் சான்றிதழ்ப் பதிவேடும் என்னிடம் இருந்தன.

அப்படியிருந்தும் லீவில் போகிறவர்கள் திரும்பாமல், சான்றிதழைக் கேட்டுத் தங்கள் அப்பாவை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதனால் சென்ற மாதம் பூவராகவனே என்னைச் சித்தூரில் நடந்த மூன்று நாள் நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பினார். விலகுகிறவரிடம் காரணம் கேட்பதைவிட, இருக்கிறவரிடம் ஏன் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள் என அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

அதன் பிறகு நான் ஒன்பது பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். சத்தியவேட்டைச் சேர்ந்த பிரித்திகா, "இன்னாக்கா கேள்வி இது, என் சர்டிஃபிகேட்டு உங்க பீரோவுல கீது, நான் எங்க போவேன்" என்று சிரித்தார். மற்ற எட்டுப் பேரும் சிரிக்காமல் அதையே சொன்னார்கள்.

அதன் பிறகு இதைப் பூவராகவனிடம் இரண்டு முறை எடுத்துச் சொன்னேன், பார்க்கலாம் என்றார். இம்மாதம் 5ஆம் தேதி பகல் ஒன்றரை மணிக்கு என் சாவியால் பீரோவைத் திறந்து, ஒன்பது பேரையும் அழைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரவர் சான்றிதழை அவரவரிடம் கொடுத்தேன். பிரித்திகா கவரைப் பிரித்துப் பார்த்துப் பையில் வைத்துவிட்டு, மணி இரண்டு ஆனதால் ஆறாம் படுக்கை சென்னம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கப் போனார்.

மறுநாள் காலை பூவராகவன் நர்சுகள் முன்னாலேயே, "ட்ரைனிங்குக்கு அனுப்பினது ஆளை நிறுத்தறதுக்கா, கதவைத் தொறந்துவுடறதுக்காம்மா" என்று கேட்டார். "தொறந்துதான் கீது சார், எத்தினி பேர் போனாங்கன்னு எண்ணிப் பாருங்க" என்றேன். அதன் பிறகுதான் அவர் என் மீது திருட்டுப் புகார் கொடுத்தார். சான்றிதழ்களைக் கொடுத்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. ஒருவர் வேலையை விடுவதாக ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறார், அவரும் மற்ற எட்டுப் பேரும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

கொடுத்தது உண்மை. இல்லத்தின் பொருள் எதையும் நான் எடுக்கவில்லை. என்னுடைய சான்றிதழும் அதே பீரோவில்தான் இருந்தது. பதிவேட்டில் கொடுத்தவர், பெற்றவர் என்று இரண்டு கையெழுத்து வேண்டும், இரண்டையும் நானே போடுவது முறையல்ல என்பதால் அதைத் தொடவில்லை. இப்போதும் அங்கேயே இருக்கிறது, அதிகாரிகள் போய்ப் பார்க்கலாம்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே எழுதப்பட்டது, படித்துக் காட்டக் கேட்டேன், மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) செ. இந்திராணி