பிஞ்சிலே திறந்த காய்

வயலட் என்றால் தொட்டியில் பூக்கும் சின்னச் செடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், தப்பில்லை. அந்தக் குடும்பத்தில் மரத்தின் மேல் படரும் கொடிகளும் உண்டு. தண்டு விறகு மாதிரி கெட்டி. பூவுக்குப் பின்னால் வால்போல ஒரு தேன்பை. இந்தத் தாவரத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்த வேலை அந்தக் கொடிகள்தான்.

அதில் ஒரு கொடிக்கு அவசரக் குணம். பிஞ்சிலே பழுத்தது என்பார்களே, இது பிஞ்சிலே திறப்பது. விதை முத்துவதற்கு முன்பே காய் பிளந்துவிடும். பச்சை விதைகள் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டே முத்தும். அவற்றின் சிறகு காய்ந்து பறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். விவரம் தெரியாதவர்கள் பிளந்த காயைப் பார்த்ததும் பறித்துவிடுவார்கள்.

என் தங்கையின் கணவன் எங்கள் தோட்டத்தில் மரம் ஏறி விதை எடுக்கிற ஆள். அணில் என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான பையன், அதில் சந்தேகமே இல்லை. அப்பா அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். அவளுக்கு நான்தான் கொழுகொம்பு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். பிறகு அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவள் என் சட்டைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டி கட்டினாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொடி படர்ந்திருந்த மரத்தின் மேல்கிளை உளுத்திருந்தது. முந்தின வாரமே பைனாகுலரில் பார்த்துவிட்டேன். அடிப்பக்கம் வரிசையாகக் காளான். யாரிடமும் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை, காய் வெடிச்சிடுச்சு. இன்னைக்கு விட்டா விதை காத்தோட போயிடும்" என்றேன்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு இதையாவது பண்ணிட்டுப் போறேன், மச்சான்" என்று சிரித்துக்கொண்டே ஏறினான். கயிற்றை அந்தக் கிளையில்தான் போட்டான்.

கால் உடையும், ஆறு மாதம் படுத்திருப்பான், அந்த வேலை கைநழுவிப் போகும் என்றுதான் நினைத்தேன். கழுத்து என்று நினைக்கவில்லை. என் மடியில்தான் உயிர் போனது. மூடிய கையைப் பிரித்தபோது மூன்று விதைகள் இருந்தன, பச்சையாக. இப்போதும் அழுகை வருகிறது, பொய்யில்லை.

மூன்று வாரம் கழித்துத் தங்கை வாய் திறந்தாள். "காய் வெடிச்சா விதை முத்திடுச்சுன்னுதானே அர்த்தம், அண்ணா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அந்தக் கொடியைப் பற்றி நான் எழுதிய புத்தகம் முழுவதையும் டைப் அடித்தவள் அவள்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுநாள் காலையில் நீங்கள் வந்தீர்கள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆமாம், தெரிந்துதான் ஏற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். நான் போகாமல் சாப்பிடமாட்டாள்.