அந்த ராத்திரி அவன் என்ன சாப்பிட்டான்

அன்று எலுமிச்சை கேக் கொண்டுவந்தது மேவிஸா, ஐலீனா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மேவிஸ் என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கேக்கை ஐலீன் கையிலிருந்து எடுத்து மேவிஸ் கையில் வைத்தது நானாகவே இருக்கலாம். எனக்கு வசதியாகச் சிலவற்றை இடம் மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், சிங்கி இறால் பிடிக்கும் படகுகள் ஒதுங்கும் ஊர் எங்களுடையது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்கு அங்கே இரண்டு பொறுப்புகள் இருந்தன. காற்று மோசமாகிப் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் நாட்களில், ஊர் மண்டபத்து அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார, ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பேன். கடலில் படகுகள் இருக்கும் நாட்களில், மாலைதோறும் என் வீட்டு இருவழி வானொலியில் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர்கள் எங்கே நங்கூரம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். பதில் வராத படகைத் தேட, பக்கத்தில் இருப்பவர்கள் உடனே கிளம்புவார்கள். குன்றின் மேல் இருந்த என் வானொலிக் கம்பம்தான் ஊரிலேயே உயரமானது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலும் எனக்குக் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ராயின் படகுக்கு அவன் மனைவியின் பெயர். ஆகவே நான் தினமும் மாலையில், கரை முழுவதும் கேட்க, "ஐலீன், ஐலீன்" என்று கூப்பிட்டேன். யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. ராய் கடலில் இருந்தபோது ஐலீன் என் வீட்டிற்கு வந்துகொண்டிருந்தாள். முதலில் புத்தகங்களுக்காக வந்தாள்.

ஒருமுறை அவளிடம், "ராய் பாவம்" என்றேன்.

"அதைச் சொல்லாதீங்க. அவர் பாவம்னு நினைச்சா என்னால இந்தப் படி ஏற முடியாது" என்றாள்.

அந்தக் குளிர்காலம் நான் கதைகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். கட்டியவனை விட்டு வேறொருவனை விரும்பும் பெண்களின் கதைகள். அவற்றில் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கண்டேன். எந்தக் கதையில் வாசகர்கள் காதலர்களுக்காக இரங்குகிறார்களோ, அந்தக் கதையில் கணவனுக்கு முகமே இருக்காது. கதவைச் சாத்துவான், செருப்பைக் கழற்றுவான், அவ்வளவுதான். இந்தக் கதைகளுக்கு ஊர் மெல்ல மெல்லப் பழகிவிட்டால், பிறகு எங்களையும் பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ராய்க்கு நல்ல குரல். ஆகவே அவனையே வாசிக்கச் சொன்னேன். இதை நான் செய்தேன் என்பதை இப்போது சொல்லும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்றைய கதையில் ஒரு பெண் ரயில் நிலையக் குமாஸ்தாவோடு போய்விடுகிறாள். தபால் நிலையத்து மேவிஸ் தொடக்கத்தில், "இவளை எல்லாம் நாலு சாத்து சாத்தணும்" என்றாள். ரயில் கிளம்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும் விடுங்கப்பா, எங்கேயாவது நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ராய் புத்தகத்தை மூடினான். கயிறு அறுத்த தழும்புகள் உள்ள பெரிய கைகள் அவனுக்கு. பக்கங்களைப் பறவை இறகைத் தொடுவதுபோலத் திருப்புவான்.

"எல்லாரும் அந்த ரெண்டு பேருக்காக அழுறீங்க. சரி. அந்தப் புருஷன் வீட்டுக்கு வந்தான்ல? அந்த ராத்திரி என்னத்தைச் சாப்பிட்டான்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"உனக்கு எப்பவும் வயித்து நெனப்புத்தான்" என்றாள் மேவிஸ்.

"பசிக்கும்ல மேவிஸ்."

"அது கதைக்குத் தேவையில்லை ராய்" என்றேன்.

"கதைக்குத் தேவையில்ல வாத்தியாரே. அவனுக்குத் தேவை."

அதை அவன் என்னைப் பார்த்துச் சொன்னானா, மூடிய புத்தகத்தைப் பார்த்துச் சொன்னானா என்று தெரியவில்லை. ஐலீன் கேக் துண்டை வெட்டி அவன் தட்டில் வைத்தாள். ஆம், அவள்தான் கொண்டுவந்திருந்தாள். அவனுக்குப் பிடித்த கேக்.

அந்த வாரம் காற்று தணிந்து படகுகள் கிளம்பின. இரண்டாம் நாள் மறுபடி மேற்கிலிருந்து அடித்தது. மாலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். பதில் சொன்னவர்கள் எல்லோரும் கரை முனைகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார்கள். "ஐலீன், ஐலீன்" என்றேன். இரைச்சல் மட்டும் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

பிறகு, "கேட்டுச்சு ராய். நல்லா தூங்கு" என்றேன்.

அடுத்த படகின் பெயரைக் கூப்பிட்டேன்.

தன் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த மேவிஸ் சற்று நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள். "எனக்கு ராய் குரல் கேக்கவே இல்லையே?"

"மெதுவாத்தான் வந்துச்சு. நம்ம கம்பத்துல கேட்டுச்சு."

"அப்போ சரி. பாவம், குளிர்ல கெடக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல் இருந்திருக்கலாம் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை என்று தெரிந்துதான் பதில் சொன்னேன். வெறுப்பால் அல்ல. ஒரு கதை தானாக முடிந்துகொண்டிருந்தது, நான் அதில் குறுக்கிடவில்லை. அன்று அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மறுநாள் மாலையிலும் பதில் வராதபோது முறைப்படி எல்லோருக்கும் அறிவித்தேன்.

தேடலுக்கு நானும் போனேன். படகின் பலகைகள் ஒரு குடாவில் கிடந்தன. அதற்கு மேலே ஒரு பாறை இடுக்கில் ராய் உட்கார்ந்திருந்தான். அடிபட்டோ மூழ்கியோ சாகவில்லை, குளிரில் விறைத்துப் போயிருக்கிறான், படகு உடைந்த அந்த இரவு முழுவதும் உயிரோடு இருந்திருக்கிறான் என்றார் மருத்துவர்.

மேவிஸ் இறந்துவிட்டாள். இறக்கும்வரை, ராய் கடைசியாகப் பேசியது என்னோடுதான் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐலீன் அதன்பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. ஹோபார்ட்டில் தன் தங்கையோடு இருக்கிறாள். வானொலியை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். மண்டபத்தில் கதை வாசிப்பதை நான் நிறுத்தவில்லை. எல்லோரும் இன்னமும் காதலர்களுக்காகத்தான் இரங்குகிறார்கள்.

ராயின் காலடியில் மட்டிச் சிப்பிகள் கிடந்தன. கத்தியால் நெம்பித் திறந்து, பச்சையாகத் தின்று, ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான்.