பால்வெட்டுக்கு ஒரு பூட்ஸ்

“குத்தவச்சு இருந்து பாக்காம பூட்ஸ் வாங்காத மக்கா.”

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னது மூத்தவள்.

“பைக் ஓட்டதுக்கு எதுக்குக்கா குத்தவைக்கணும்?” என்றாள் இளையவள்.

“ஆரியங்கோடு வரதானே ஓட்டுவ? பொறவு ரப்பர் தோட்டத்துலல்லா நடக்கணும். தாழ வெட்டுற மரத்துல குத்தவச்சு இருந்துதானே பால் வெட்டணும்? நான் வாங்குனது நல்ல கெட்டி, ஆனா கணுக்கால் மடங்கல்ல. அத மரத்துல தொங்க விட்டுட்டு செருப்போட வெட்டுனேன்.”

“செருப்போட ஓட்டித்தானே நான் விழுந்து கால ஒடிச்சேன்.”

“அதாக்கும் சொல்லுறேன். ரெண்டு பக்கமும் கெட்டியா இருக்கணும், முன்னால மடங்கணும்.”

“எனக்க வீட்டுக்காரரு பைக்க விக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாவ. இன்னிக்கு காலம்பற பாத்தா, அவியளே அத கழுவி முற்றத்துல வச்சிருக்காவ.”

“பூட்ஸ் இருக்கட்டு. ஒனக்க கால் மடங்குமா?”

“விழுந்த பயத்துல இதுவர மடக்கிப் பாக்கல்லக்கா.”

அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றது. இளையவள் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்தாள். எழுந்தாள். கம்பியை விட்டுவிட்டு இன்னொரு முறை உட்கார்ந்தாள்.

“எந்தெங்கிலும் தாழ வீணோ சேச்சி?” என்று, ஏதாவது கீழே விழுந்துவிட்டதா என மலையாளத்தில் கேட்டபடி கண்டக்டர் குனிந்து சீட்டுக்கடியில் தேடினார்.

“இல்ல சாரே,” என்றாள் அவளும் மலையாளத்தில், உட்கார்ந்தபடியே. “ஞான் பூட்ஸ் வாங்கான் போகுவா.”