நாலே முக்கால் அடி உயரத்தில் ஒரு குரல்

சிநேகா: பெட்ஷீட்டை புடி. அந்த முனையை புடின்னா... கதவையே பாத்துகினு நிக்கிற.

ஜோஷ்வா: எல்லாரும் போயிட்டாங்களா?

சிநேகா: மூணு காரும் கிளம்பியாச்சு. இப்ப ஆடணும்னா ஆடிக்கோ.

ஜோஷ்வா: ஆடல. ஒரே ஒரு வாட்டி சொல்லிக்கிறேன். ஃபிட்டர் ஜோஷ்வா அடிச்ச ஸ்பீக்கர் பொட்டி... பிளைவுட்டு பொட்டி... ஃபர்ஸ்டு.

சிநேகா: இது ஏழாவது வாட்டி.

ஜோஷ்வா: ஒம்பது பேரு, ஒம்பது சீட்டு. ஏழு சீட்டு நமக்கு. அதுல ஒண்ணு ராமானுஜம் சார் எழுதுனது. அவரு கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் லீவு லெட்டரையெல்லாம் திருப்பி அனுப்புற கையெழுத்தாச்சே.

சிநேகா: மடி. நேரா மடி.

ஜோஷ்வா: மூணு மாசம் முன்னாடி கேன்டீன்ல இன்னா சொன்னாரு? 'ஜோஷ்வா, உன் பொட்டியை கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடு, நல்லா போகும்.' மொத்த மேசையும் சிரிச்சுச்சு. நானும் கூட சேந்து சிரிச்சேன்.

சிநேகா: சிரிச்சிட்டு வூட்டுக்கு வந்து தட்டை தள்ளி வச்சிட்டு படுத்த. அது எனக்குத்தான் தெரியும்.

ஜோஷ்வா: இன்னிக்கு அதே மனுஷன் நம்ம குவார்ட்டர்ஸுக்கு வந்து, நம்ம பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து... கண்ணை மூடிகினு...

சிநேகா: மூடினாரா?

ஜோஷ்வா: உனக்கு எங்க தெரியும். நீ பொட்டிங்களை மறைச்சி கட்டுன ஷீட்டுக்கு அந்தாண்ட இருந்த.

சிநேகா: ஆமா. ப்ளே பட்டன் அமுக்குற உத்தியோகம். 'நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்கம்மா, வேற எதுவும் தெரிய வேணாம்'னாரு.

ஜோஷ்வா: ரூலு போட்டதே அவருதான. பொட்டிக்காரன் எவனும் பின்னாடி போவக் கூடாது. எது யாரு பொட்டின்னு தெரியாம கேக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் மட்டும் சீட்டுல எழுதணும். பாட்டு மட்டும் பொம்பளைங்க பாடுனதா இருக்கணும்... ஏன்னா பொம்பளை குரல்லதான் பொட்டியோட யோக்கியதை வெளிய வரும்.

சிநேகா: நல்ல ரூலு. அந்த ஒண்ணாம் நம்பர் ஜாஸ் பாட்டுக்காரி... தொண்டை வெண்ணெதான். ஆனா வாய் மட்டும் கதவு சைசுக்கு கேட்டுச்சு.

ஜோஷ்வா: ஏய்.

சிநேகா: ரெண்டாம் நம்பர், கோபாலகிருஷ்ணன் சாரோட ப்ளூஸ் அம்மா. பாவம், நல்லா அழுது பாடுது. ஆனா 'ஸ' வர்ற எடத்துலல்லாம் குக்கர் விசில்.

ஜோஷ்வா: இதெல்லாம் எப்ப கத்துகினே?

சிநேகா: நாலு மாசமா இந்த ஹால்ல வேற இன்னா நடந்துச்சு? ஒரு பாட்டு. அதுல நாப்பது செகண்டு. திரும்பத் திரும்ப. பொட்டிக்குள்ள கம்பளி வைப்ப, போடுவ. கம்பளியை எடுப்ப, போடுவ. நான் சாம்பார் கொதிக்கிறதையே அந்த பாட்டை வச்சிதான் கணக்கு பண்ணேன்.

ஜோஷ்வா: அந்த சிடி கெடைக்க ரெண்டு வருஷம் ஆச்சு, தெரியுமில்ல. ஞாயித்துக்கெழமை கோயில் முடிஞ்சதும் மாமல்லபுரம். கெஸ்ட் ஹவுஸ்ல ஃபாரின்காரங்க வுட்டுட்டு போற பொஸ்தகம், டப்பா, செருப்பு... அதுங்களுக்கு நடுவுல தேடணும். தியானம் பண்ற மியூசிக்கு நாப்பது, புல்லாங்குழலு இருவது. ஒரு நாள் அடியில இது. கவர்ல பேரு இல்ல, ஊரு இல்ல. நீல மையில 'அம்மா பாடினது'ன்னு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை. எவளோ ஒருத்தி தன் அம்மாவை உக்கார வச்சி புடிச்சிருக்கா. மேளம் இல்ல, கிட்டார் இல்ல. ஏதோ கிராமத்துப் பாட்டு, வெறும் குரலு. மூச்சு வுடறது கூட...

சிநேகா: கேக்கும். உதடு பிரியறது கேக்கும். தெரியும், தெரியும்.

ஜோஷ்வா: அப்ப பந்தயமும் தெரியுமில்ல? நான் தோத்தா பொட்டி ரெண்டும் பின்னாடி வராண்டாவுக்கு, ஹால் உன் கோயில் கொயருக்கு, பாடிப் பழக. ஜெயிச்சா பொட்டியை ஒரு இஞ்ச்சு நவுத்தக் கூடாது.

சிநேகா: தெரியும்.

ஜோஷ்வா: ஹால் போச்சே சிநேகா.

சிநேகா: போவட்டும். கிறிஸ்மஸுக்கு பதினாறு பேரும் சமையக்கட்டுல நின்னு பாடறோம். நீ கப்பை எடு.

ஜோஷ்வா: கோவமே வரலியா உனக்கு?

சிநேகா: கப்பை எடுன்னேன்.

ராமானுஜம்: ஜோஷ்வா... உள்ள வரலாமா?

ஜோஷ்வா: சார்... வாங்க சார். இன்னா சார், எதுனா வுட்டுட்டு போயிட்டீங்களா?

ராமானுஜம்: கேபிள் ஒண்ணு... இல்ல, அது சாக்குதான். நேராவே கேட்டுடறேன். அந்த மூணாம் நம்பர் சிடி. ஒரு வாரம் குடு. ஒரு காப்பி எடுத்துட்டு திருப்பித் தந்துடறேன்.

சிநேகா: அது... சார்... அது கீறல் விழுந்த சிடி சார்.

ராமானுஜம்: கீறலா? எங்கம்மா கீறல்? ஒரு இடத்துல கூட தட்டலையே. முப்பது வருஷமா கேக்கறேன், இப்படி ஒரு சுத்தமான ரெக்கார்டிங் என் காதுல விழுந்ததில்லை. பக்கத்துல நின்னு பாடற மாதிரி.

ஜோஷ்வா: கேட்டியா சிநேகா? பக்கத்துல நின்னு பாடற மாதிரியாம்.

ராமானுஜம்: குரல் ரெண்டு பொட்டிக்கும் நட்ட நடுவுல நிக்குது. அதுவும் எங்க? தரையிலேர்ந்து நாலே முக்கால் அடி உயரத்துல. எங்க வீட்டு இம்போர்ட்டட் செட்டுல கூட அந்த உயரம் வந்ததில்லை.

ஜோஷ்வா: நாலே முக்கால்... கரெக்டா இருக்கும் சார்.

சிநேகா: நீ சும்மா இரு.

ராமானுஜம்: பாடறவளுக்கு ஐம்பது, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும்.

சிநேகா: ஐம்பத்தஞ்சா?

ராமானுஜம்: குறையாது. நல்ல கனமான சரீரம். அந்த அடித்தொண்டை கனம் ஒல்லியா இருக்கறவங்களுக்கு வராது.

ஜோஷ்வா: கனம்தான் சார். நானும் அதையேதான் சொல்லிகினு கீறேன்.

சிநேகா: கப்பு ஒடைஞ்சிடப் போவுது, கையில வச்சிட்டு சிரிக்காத.

ராமானுஜம்: குளிர் பிரதேசம். மர வீடு, மரத் தரை. நம்ம பக்கம் அந்தத் தொண்டை கிடையாதும்மா. காத்துலயே உப்பு. எங்கேர்ந்து வரும்?

சிநேகா: வராதுதான் சார். படாளத்துல பொறந்து, மேஸ்திரி வேலைக்கு போன அப்பாவுக்கு சோறு எடுத்துகினு போயி வளந்தவளுங்களுக்கு எல்லாம் எங்க சார் வரும்.

ராமானுஜம்: அதைத்தான் நானும்... சரி, இன்னொண்ணு சொல்லணும். மனசுல வச்சிட்டு போகக் கூடாது. ஜோஷ்வா, உன்னை சந்தேகப்பட்டேன்.

ஜோஷ்வா: எதுக்கு சார்?

ராமானுஜம்: பின்னாடி யாரையோ நிக்க வச்சு பாட வைக்கறியோன்னு. அவ்வளவு தத்ரூபம். எழுந்து வந்து ஷீட்டுல கையே வச்சுட்டேன். அந்த நிமிஷம் கரெண்டு போச்சு. குரலும் பாதி வார்த்தையில அறுந்துது. மனுஷி பாடியிருந்தா நிக்குமா? எனக்கு வெக்கமா போச்சு.

ஜோஷ்வா: அதெல்லாம் வேணாம் சார்.

ராமானுஜம்: கேன்டீன்ல ஒண்ணு சொன்னேன். கல்யாண மண்டபம்னு. அதுவும் தப்பு.

ஜோஷ்வா: நின்னுகினே பேசறீங்களே சார், உக்காருங்க.

ராமானுஜம்: அணு மின் நிலையத்துக்குப் பக்கத்துல குடியிருக்கோம். இந்த டவுன்ஷிப்ல கரெண்டு போய் நான் பாத்து ஒரு வருஷம் இருக்கும். இன்னிக்குப் பாத்து அது போகணும், என் புத்தி தெளியணும்னு இருந்திருக்கு. கரெண்டு வந்ததும் திரும்ப ஒரு தடவை போடச் சொல்லலாம்னா, நீங்க போண்டா தட்டோட வந்துட்டீங்கம்மா.

சிநேகா: ஆறிடும் சார், அதான்.

ராமானுஜம்: நல்ல போண்டா. ரெண்டு எடுத்தேன். சரி, சிடி?

ஜோஷ்வா: அது என்னுது இல்ல சார். அவளுக்கு சொந்தம். அவகிட்டயே கேளுங்க.

சிநேகா: யோவ்...

ராமானுஜம்: அம்மா, என்கிட்ட இருக்கிற ஜாஸ் டிஸ்க்குல எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ரெண்டு. சரி... மூணு.

சிநேகா: இல்ல சார். அந்த குரலு... இந்த வூட்டை வுட்டு வெளிய போவாது சார்.

ராமானுஜம்: அப்போ கேக்கணும்னா?

சிநேகா: இங்க வாங்க. இங்கதான் கேக்க முடியும்.

ராமானுஜம்: நியாயம். அவ்வளவு சுலபமா நானும் குடுக்க மாட்டேன். அடுத்த மாசமும் மீட்டிங் இங்கயே. அப்புறம் ஜோஷ்வா... அடுத்த தடவை நீயும் நாற்காலி போட்டு உக்காரு. இன்னிக்கு பூரா கதவோரமா, மெயின் போர்டுக்குக் கீழயே நின்னுட்டிருந்தே. இது உன் வீடு. வரேன்மா.

சிநேகா: வாங்க சார்.

ஜோஷ்வா: பாத்து போங்க சார்.

சிநேகா: கதவை சாத்து.

ஜோஷ்வா: சாத்திட்டேன்.

சிநேகா: உக்காரு. நாற்காலியிலயே உக்காரு, பெரியவரு சொல்லிட்டாரே. ஒண்ணு சொல்லணும்... கத்தக் கூடாது.

ஜோஷ்வா: கத்தல.

சிநேகா: சிடி ஓடல.

ஜோஷ்வா: எப்ப?

சிநேகா: இன்னிக்கு. நம்ம நம்பர் வந்தப்போ. 'நோ டிஸ்க்'னு காட்டுச்சு. எடுத்து பொடவையில தொடைச்சு போட்டேன். அதேதான். நாலு மாசமா தேய்ச்சியே, செத்துப் போச்சு அது. வெளிய 'மூணாம் நம்பர், ரெடியா?'ன்னு கேக்குறாங்க.

ஜோஷ்வா: அப்பறம்?

சிநேகா: நான் சும்மா இருந்தா போதும். 'ஓடல சார்'னு ஒரு வார்த்தை. ஹால் எனக்கு.

ஜோஷ்வா: அதான் கேக்கறேன். ஏன் சொல்லல?

சிநேகா: ஷீட்டுல ஒரு கிழிசல் கீது, அது வழியா உன் மூஞ்சி தெரிஞ்சுச்சு. பரிச்சை ரிசல்ட்டு பாக்க நிக்கிறவன் மாதிரி நின்ன. நீ அவங்க முன்னாடி இன்னொரு வாட்டி சிரிச்சு மழுப்புறதை என்னால பாக்க முடியாது. அவ்ளோதான். வாயைத் தொறந்தேன், பாட்டு வந்துச்சு. அர்த்தம் தெரியாது, எந்த ஊரு பாஷைன்னு தெரியாது. எங்க மூச்சு வுடணும்னு மட்டும் தெரியும். உன் பொட்டி ஜெயிக்கல ஜோஷ்வா. மன்னிச்சிக்கோ. எதுனா பேசேன்...

ஜோஷ்வா: பாட்டுல மூணாவது அடியில அந்த சிடி எப்பவும் ரெண்டு வாட்டி குதிக்கும். இன்னிக்கு குதிக்கல.

சிநேகா: அப்ப உனக்கு...

ஜோஷ்வா: மூணாவது அடி வரைக்கும் கூட வேணாம். மொத மூச்சுலயே தெரியும். ஆறு வருஷமா பக்கத்துல படுத்துகினு கேக்குற மூச்சு அது.

சிநேகா: தெரிஞ்சிகினே அவரை என்கிட்ட சிடி கேக்க வுட்டியா? ஐம்பத்தஞ்சு வயசு, கனமான சரீரம்... பல்லைக் காட்டிகினு நின்ன.

ஜோஷ்வா: முப்பது வருஷம் கேட்ட காது சொல்லுது, நான் இன்னா பண்ணட்டும். ...சிநேகா. நான் ரெண்டு வருஷமா மாமல்லபுரத்துல போயி குப்பையைக் கிளறிகினு இருந்தேன். நீ இங்க சாம்பாரு கிண்டிகினு இருந்த. என்னை எதால அடிக்கறது?

சிநேகா: அந்த கரண்டி கீது பாரு.

ஜோஷ்வா: நாளைக்கே பொட்டி வராண்டாவுக்கு போவுது. ஹால் கொயருக்கு. நல்ல மைக்கு ஒண்ணு நான் ஏற்பாடு பண்றேன். உன் குரலை ஒழுங்கா புடிச்சு, சிடியில ஏத்தி, அடுத்த மாசம் நெசமாவே இந்த பொட்டியில போடறேன். ஒம்பது பேரும் கேக்கட்டும். அப்ப ஜெயிச்சாதான் என் பொட்டி ஜெயிச்ச கணக்கு. பாடுனது யாருன்னு அன்னிக்கு நானே எழுந்து சொல்றேன்.

சிநேகா: எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?

ஜோஷ்வா: நாற்காலி மேல ஏறி நின்னு சொல்லுவேன்.

சிநேகா: வயசையும் சேத்து சொல்லு. இருபத்தெட்டு.

ஜோஷ்வா: சொல்றேன்.

சிநேகா: ஆனா ஆண்டவர் பெரியவருதான். அவரு ஷீட்டுல கை வச்சதும் எனக்கு உசுரே இல்ல. டக்குன்னு ஃபேன் நின்னுச்சு. நானும் வாயை மூடிகினேன், பாதி வார்த்தையில. ஒண்ணுதான் புரியல... நம்ம வூட்ல கரெண்டு போனப்போ, பக்கத்துல சந்திரம்மா வூட்டு டிவி மட்டும் எப்பிடி ஓடிகினு இருந்துச்சு?

ஜோஷ்வா: அவங்க வூட்ல ஏன் போவும்? அவரு கை ஷீட்டுல பட்டப்போ, என் கை முதுகுக்குப் பின்னாடி மெயின் சுவிட்சுல இருந்துச்சு... ஃபேன் நின்னா நீ புரிஞ்சுக்குவேன்னு ஒரு நம்பிக்கைதான்.