தளவாய் பாடுன கேசட்டு

கேசட்டு எங்கயும் போவாது மக்கா, பெட்டிலதான் இருக்கு. நீ மொதல்ல சாயாவக் குடி. உல்லாஸ்நகர்லேந்து டேப்பு ரெக்கார்டரத் தூக்கிக்கிட்டு ரயில்ல நின்னே வந்தேங்கிய.

ஒங்கப்பன் தளவாய் பாட ஆரம்பிச்சான்னா ஒருத்தன் அசைய மாட்டான், மாரிசெல்வி. நாங்க நாலு பேரு. ஏழே மாசம், மூணே மேடை. பேண்டுக்குப் பேரு கலர் மழை. ஒரு பாட்டு பதினெட்டு நிமிசம் போவும். கிட்டாரு ஒரு பக்கம் ஊளையிடும், இவன் ஒத்த வரியப் பிடிச்சி இழுப்பான் பாரு, தலையே சுத்தும். கணபதி மண்டல் திருவிழால பக்திப் பாட்டு கேட்டானுவ, நாங்க இதப் பாடுனோம். கரண்டப் புடுங்கி வெரட்டிட்டானுவ. அத்தோட பேண்டு கதம், முடிஞ்சிபோச்சி.

மத்தவனுவளா? கிட்டாரு வாசிச்ச மாட்டுங்கா கௌசிக் பேங்குல மேனேஜரு, போன் போட்டா மீட்டிங்கும்பான். பேஸ் கிட்டாரு வாசிச்ச ஞானசீலன் காட்கோபர்ல பாஸ்டரு. டிரம்மு அடிச்ச நான் கல்யாண பராத்து ஊர்வலத்துல செவப்புக் கோட்டு மாட்டி அடிக்கேன். ஒங்கப்பன் தோல் பட்டறைக்குப் போனான். வேல விட்டு வரும்போதுதான் ரயில்ல... நீ அப்ப வயித்துல.

தெரியும்மா. ஒருக்கா அவன் கொரலக் கேட்டாப் போதும்ங்கிய. எனக்கு மட்டும் வேண்டாமா?

ஏட்டி, அத எடுக்காத! போடாத, ஒங்கால்ல விழுதேன், சொல்லுதத கேளு. போட்டா பிரசங்கந்தான் வரும். பெரிய வெள்ளிக்கெழம, ஏசு சிலுவைல சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேரு பேசுவாங்கல்லா, ஞானசீலனுக்கு மொதமொதலா ஒரு வார்த்த குடுத்தாங்க. எங்கைல வேற கேசட்டு இல்ல. இதுல பின்பக்கம் காலி. கா மணி நேரந்தானன்னு அதுல பதிஞ்சேன். பாவிப்பய ஒரு மணி நேரம் பேசிட்டான். பாதில நிறுத்த மனசு வரல, ஒங்கப்பன் பாடுன பக்கத்தத் திருப்பிப் போட்டேன்.

தெரியாம நடந்துட்டுங்கியா? நீ நல்ல பிள்ள. ஆனா அந்த ஓரத்து ஓட்டையப் பாரு. அதுல சின்ன பல்லு மாதிரி ஒண்ணு இருக்கும், ஒடச்சிட்டா மேல பதிய முடியாது. யாரும் அழிச்சிரக் கூடாதுன்னு ஒங்கப்பந்தான் கடிச்சி ஒடச்சான். மறுபடி பதியணும்னு ஓட்டைல அடச்சிருக்க பேப்பரு, சர்ச்சுப் பாட்டுப் புஸ்தகத்துல நான் கிழிச்சது. தளவாய்தான் உசுரோட இருக்கானே, இன்னொரு நாளு பாடிருவாம்லான்னு அப்ப நெனச்சேன்.