சந்தைக்குப் போன பாதை

நியூசிலாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஆள் வேண்டாம் என்று சொன்ன ஒரு தொழிற்சாலையிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தேன். மழை பிடித்ததால் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினேன். அங்கே ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி நின்றார்கள்.

“நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஸ்கொட்லாந்தில நாங்கள் இருந்த ஊரில அந்தப் பாதை இண்டைக்கும் திறந்திருக்கும்,” என்றார் கணவர்.

“அதை இஞ்ச நிண்டு ஏன் நினைக்கிறீங்கள்?” என்றார் மனைவி.

“அங்கத்தைய சட்டம் அப்பிடி. சனம் கனகாலமாச் சந்தைக்கு நடந்த பாதையைக் காணிக்காரன் மறிக்கேலாது. நடந்தனாங்கள் எண்டு கோர்ட்டில ஆராவது சொல்லவேணும்.”

“ஊர்ச்சனம் சொல்லியிருக்கலாம்தானே.”

“எல்லாரும் அவன்ர வீடுகளில வாடகைக்கு இருந்தவை. வாய் திறந்தால் வெளியில. நாங்கள் மட்டும்தான் வேற ஆளின்ர வீட்டில இருந்தனாங்கள்; எங்களுக்கு அந்தப் பயம் இல்லை.”

“உங்கட இங்கிலீஷைக் கேட்டு நீதவான் எழும்பிப் போயிருப்பார்.”

அவர் சிரிக்கவில்லை. மனைவியே தொடர்ந்தார்: “நியூசிலாந்து விசா வருமட்டும் கோர்ட்டுப் பக்கம் போகவேண்டாம் எண்டு நான்தானே மறிச்சனான்.”

“ஓம். எனக்கும் அது வசதியாப் போச்சு.”

பஸ் வந்தது. ஏறும்போது மனைவி, “அங்க பக்கத்து வீட்டில இருந்த மனிசி கால் ஏலாமல் சந்தைக்கு எப்பிடிப் போகுதோ,” என்றார்.

“லொறி ஓடுற றோட்டாலதான்.”

மறுநாள் காலை எனக்கு வேலி போடும் வேலை கிடைத்தது. ஒரு காலி மனையின் புல்லில், ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து தடம் விழுந்திருந்தது. முதல் கம்பத்துக்கான குழியை அந்தத் தடத்தின் நடுவில் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.